கஷாயம் கொதிக்கட்டும், அதுக்குள்ள கொசுவத்திய அணைச்சிடுங்க

போன மாசம் "மூச்சு, சளி, வீசிங் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டேன், வந்து குவிஞ்சிடுச்சு. பேர் போடாம ஊர் மட்டும் போடுறேன், நிறைய பேரு அப்படித்தான் கேட்டிருக்கீங்க. நான் சித்தா படிச்சவ, அதனால எல்லாரும் "எதை குடிக்கணும், எதை தடவணும்"னுதான் கேக்குறீங்க. "எதை நிறுத்தணும்"னு கேட்டது ஒரே ஒரு பெரியவர். அவர் கேள்விய கடைசில வச்சிருக்கேன்.

பையனுக்கு 7 மாசம். தினமும் குளிப்பாட்டினதும் எங்க அத்தை கதவ சாத்திட்டு சாம்பிராணி போடுறாங்க. சளி புடிச்சா தேங்காண்ணெய்ல சூடம் போட்டு காய்ச்சி நெஞ்சுல தடவுறது, நாக்குல தேன் வைக்கிறது எல்லாம் உண்டு. ராத்திரி தூங்கும்போது கர்ர் கர்ர்னு சத்தம் வருது. ஏதாச்சும் சொன்னா "உன் புருஷன இப்படித்தான் வளத்தேன்"ங்கறாங்க. — கரூர்

அத்தை பொய் சொல்லலம்மா, அப்படித்தான் வளத்திருப்பாங்க. ஆனா அவங்க வளத்த வீடு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. ஓட்டு வீடா இருந்திருக்கும், முத்தம் இருந்திருக்கும், புகை போட்டா ஓட்டு இடுக்கு வழியா அதுபாட்டுக்கு போயிருக்கும். நீங்க இருக்கறது கான்கிரீட் ரூம், பத்துக்கு பத்து, ஃபேன ஆஃப் பண்ணி ஜன்னல மூடி வேற வச்சிருக்கீங்க. அதோட அப்போ போட்டது தணல்ல பால் சாம்பிராணி, இப்ப கடைல வாங்குறது கப் சாம்பிராணி, அதுல கரித்தூளும் சென்ட்டும்தான் நிறைய. தல ஈரம் காயணும்ங்கறதுக்காகத்தான அந்த புகை, அதுக்கு ஒரு நல்ல பருத்தித் துண்டு போதும். வீட்டுக்கு வாசனை வேணும்னா புள்ளைய வேற ரூமுக்கு தூக்கிட்டு போயிட்டு போடட்டும், புகை முழுசா போனப்புறம் கொண்டு வரட்டும்.

சூடம் மட்டும் கண்டிப்பா வேண்டாம். இதுல நான் சமாதானமே பேச மாட்டேன். கற்பூரம் தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும், கைக்குழந்தைக்கு கொஞ்சம் அளவு மீறினாலே வலிப்பு வரும். கடைல விக்கிற சூடம் பெரும்பாலும் டர்பன்டைன்லேர்ந்து ஃபேக்டரில செய்யிறது, மரத்துலேர்ந்து வர்றதுன்னு நெனச்சுக்கறோம். மூக்கடைப்புக்கு தடவுற தைலம் டப்பாலயே 2 வயசுக்கு கீழ போடாதன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான், படிக்கறதுக்குத்தான் யாருக்கும் கண்ணு தெரியாது. தேனும் 1 வயசு முடியறவரைக்கும் கூடாது. தேன்ல ஒரு கிருமியோட விதை மாதிரி ஒண்ணு இருக்கலாம், நமக்கு ஒண்ணும் ஆகாது, புள்ளை குடல்ல அது முளைச்சு விஷம் விட்டு உடம்பே தொவண்டு போயிடும்.

அந்த கர்ர் சத்தம் முக்காவாசி மூக்குலேர்ந்து வர்றது. கைக்குழந்தைங்க பெரும்பாலும் மூக்கு வழியாத்தான் மூச்சு விடும், கொஞ்சம் அடைச்சாலே ரயில் வண்டி மாதிரி சத்தம் கேக்கும். மெடிக்கல்ல உப்புத்தண்ணி மூக்கு சொட்டு மருந்து கிடைக்கும், பால் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் ஒண்ணு ரெண்டு சொட்டு விடுங்க. ஆவி புடிக்கிற சட்டி பக்கமே குழந்தைய கொண்டு போகாதீங்க, சட்டி கவுந்து தொடை வெந்து வந்த புள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

இப்ப அத்தைய எப்படி வழிக்கு கொண்டு வர்றதுன்னா, அவங்ககிட்ட வேற ஒரு வேலைய குடுங்க. சளி இருக்கற நாள்ல புள்ளை அழாம இருக்கும்போது சட்டைய தூக்கிட்டு ஒரு முழு நிமிஷம் வயிறு எத்தனை தடவ ஏறி இறங்குதுன்னு எண்ணச் சொல்லுங்க. 2 மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைன்னா 60, 2 மாசத்துலேர்ந்து 1 வயசு வரைக்கும் 50, 1லேர்ந்து 5 வயசு வரைக்கும் 40. அந்த எண்ணிக்கைய தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவா இருக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். விலா எலும்புக்குக் கீழ குழி விழுந்து இழுத்தாலோ, பால் குடிக்க மாட்டேன்னாலோ, உதடு நீலம் பாஞ்சாலோ எண்ணிக்கிட்டு கூட இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பாட்டிமாருங்க எண்ண ஆரம்பிச்சா நம்மள விட கரெக்டா எண்ணுவாங்க, அனுபவத்துல சொல்றேன்.

ஸ்பின்னிங் மில்லுல கார்டிங்ல, அதான் பஞ்ச சீவுற செக்ஷன்ல, 11 வருஷமா இருக்கேன், வயசு 38. பீடி சிகரெட் கிடையாது. கொரோனா நேரத்துல ஆரம்பிச்ச கபசுர குடிநீர இன்னைக்கு வரைக்கும் காலைல தவறாம குடிக்கிறேன். ஆனாலும் நெஞ்சு இறுக்குது, அதுலயும் லீவு முடிஞ்சு வேலைக்குப் போற மொத நாள் ரொம்ப மோசம். டோஸ் ஏத்தணுமா? — திண்டுக்கல்

தம்பி, நீங்க எழுதினதுல மருந்த பத்தி இருக்கற வரிய விட "மொத நாள்"ங்கற வார்த்தைதான் எனக்கு பெருசா பட்டுச்சு.

கபசுர குடிநீர் 15 சரக்கு சேந்தது, சுக்கு, திப்பிலி, லவங்கம், ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில், கோரைக்கிழங்குன்னு போகும். கபத்தோட வர்ற சுரத்துக்கு சொன்ன மருந்து, அஞ்சாறு நாள் குடிச்சுட்டு நிறுத்தணும். 2020ல அரசாங்கமே வீடு வீடா குடுத்ததால அது ஏதோ காலைக் காப்பி மாதிரி ஆயிடுச்சு. வருஷக்கணக்குல குடிச்சா வயிறு எரியும், அவ்வளவுதான், நுரையீரல்ல போய் ஒக்காந்த பஞ்சுத் தூசிய அது கழுவாது.

லீவு முடிஞ்ச மொத நாள் நெஞ்சு இறுக்கறது பஞ்சுத் தூசி நோயோட கையெழுத்து. டாக்டர்ங்க பிஸினோசிஸ்னு சொல்வாங்க. ஆரம்பத்துல மொத நாள் மட்டும் இறுக்கும், ரெண்டாம் நாள் பரவால்லன்னு இருக்கும், உடம்பு பழகிடுச்சுன்னு நாமளும் விட்டுடுவோம், சில வருஷம் போனா வாரம் பூரா இறுக்கும், அதுக்கும் மேல போனா லீவுல கூட சரியாகாது. பஞ்ச பிரிச்சு அடிக்கிற புளோ ரூமும் கார்டிங்கும்தான் தூசி அதிகம் பறக்கற இடம், நீங்க 11 வருஷமா அங்கதான் இருக்கீங்க. உங்ககிட்ட ஈஎஸ்ஐ கார்டு இருக்கும்ல, போயி ஸ்பைரோமெட்ரி, அதான் குழாய்ல ஊதுற டெஸ்ட், எடுக்கச் சொல்லுங்க. முடிஞ்சா ஒரு தடவ லீவுல, ஒரு தடவ வேலைக்குப் போன மொத நாள் ஷிஃப்ட் முடிஞ்சு. சட்டத்துல இருக்கற தொழில் நோய் பட்டியல்லயே பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய் இருக்கு, அதனால இது உங்க உரிமை, யார்கிட்டயும் கெஞ்சற விஷயம் இல்ல. கர்ச்சீப் கட்டறது கண்துடைப்பு, மூக்கோட ஒட்டி நிக்கிற என்95 மாஸ்க் போடுங்க, அதோட நூல் சுத்துற வைண்டிங் மாதிரி தூசி கம்மியான செக்ஷனுக்கு மாத்திக் கேளுங்க. கஷாயத்த நிறுத்திடுங்க. ஒரு சித்தா டாக்டரே இப்படிச் சொல்றாளேன்னு நெனைக்காதீங்க.

மார்கழி மாசம் விடியக்காலைல ஓசோன் பூமிக்கு ரொம்ப பக்கத்துல வருதாம், அதுக்குத்தான் நம்ம முன்னோர் கோலம் போட வச்சாங்களாம், உண்மையா? — மயிலாப்பூர்

இல்லைங்க. ஓசோன் படலம் நம்ம தலைக்கு மேல 15 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கு, மார்கழிக்காக கீழ எறங்கி வராது. தரைக்குப் பக்கத்துல இருக்கற ஓசோன் வண்டிப் புகைல வெயில் பட்டு உண்டாகறது, அது மத்தியானத்துலதான் அதிகம், அது நுரையீரலுக்கு எரிச்சல், நல்லதே இல்ல. கோலம் போடுங்க, குனிஞ்சு நிமிர்றது நல்ல வேலை, ஆனா வீசிங் இருக்கறவங்க அந்தப் பனில மூக்க துண்டால மூடிக்கிட்டு போடுங்க. போகி அன்னைக்கு மட்டும் தயவுசெஞ்சு வீட்டுக்குள்ளயே இருங்க.

யூட்யூப் பாத்து பிராணாயாமம் பண்றேன் மேடம். திருமூலர் கணக்குன்னு 16 எண்ணி இழுத்து, 64 எண்ணுற வரைக்கும் நிறுத்தி, 32 எண்ணி விடச் சொல்றாங்க. 40லயே கண்ணு இருட்டுது. கபாலபாதி பண்ணினா விரல் நுனி மரத்துப் போகுது. இது சக்தி ஏறுற அறிகுறின்னு கமெண்ட்ல சொல்றாங்க. வயசு 29, ஐடி வேலை. — ஈரோடு

சக்தி ஏறல தம்பி, கரியமில வாயு எறங்குது. வேக வேகமா ஊதித் தள்ளினா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல கொறைஞ்சிடும், மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கி தலை சுத்தும், ரத்தத்துல காரத்தன்மை ஏறி நரம்புங்க தானா துடிக்கும், அதான் விரல் மரத்துப்போறது, உதட்ட சுத்தி ஊசி குத்தறது. 16, 64, 32 கணக்கு திருமூலர் சொன்னதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது யாருக்கு சொன்னது, குருகிட்ட ஒக்காந்து வருஷக்கணக்கா பழகினவங்களுக்கு. நீங்க லாப்டாப்ப மூடிட்டு அடுத்த நிமிஷம் 64க்கு போறீங்க. நேத்துதான் நீச்சல் கத்துக்கிட்டவன் காவேரில அக்கரைக்கு போறேன்னா விடுவோமா.

நிறுத்தறத இப்போதைக்கு மறந்துடுங்க. ஒரு கைய வயித்து மேல வைங்க, இன்னொன்ன நெஞ்சு மேல. இழுக்கும்போது வயித்து மேல இருக்கற கைதான் தூக்கணும், நெஞ்சுக் கை சும்மா இருக்கணும். மூக்கு வழியா 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி விடுங்க. அப்படின்னா ஒரு மூச்சுக்கு சுமார் 10 செகண்டு, நிமிஷத்துக்கு 6. நம்ம சாதாரணமா 12லேர்ந்து 20 வரைக்கும் விடுறோம். வெளிய விடுறது நீளமா இருந்தா இதயத் துடிப்பு தானா கொஞ்சம் தணியும், அதுக்குத்தான் இந்தக் கணக்கு. 5 நிமிஷம் போதும், மீட்டிங்குக்கு முன்னாடி கூட பண்ணலாம், யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு சேத்துக்கலாம், பிரம்மரி, அதாவது வாய மூடிட்டு ம்ம்ம்னு வண்டு மாதிரி ரீங்காரம். மூக்க சுத்தி இருக்கற சைனஸ் அறைகள்ல நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு ஊறும், சும்மா மூச்சு விடுறத விட ரீங்காரம் பண்ணும்போது அது 15 மடங்கு வெளிய வருதுன்னு 2002ல ஸ்வீடன் ஆராய்ச்சிக்காரங்க அளந்து சொன்னாங்க. அது சைனஸோட காத்தோட்டத்துக்கு நல்லது. அதுக்காக ரீங்காரம் பண்ணா சைனஸ் போயிடும்னு நான் சொன்னதா ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.

ஒரு மூக்கு மட்டும் அடைச்ச மாதிரி இருக்குன்னும் கீழ எழுதியிருக்கீங்க. அது சகஜம். சில மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒரு பக்கம் லேசா வீங்கி இன்னொரு பக்கம் திறக்கும், முக்காவாசி பேருக்கு உண்டு. நம்ம பழைய ஆளுங்க இத கவனிச்சுத்தான் சரம் பாக்கறதுன்னு ஒரு சாஸ்திரமே வச்சிருந்தாங்க. கர்ப்பமா இருக்கறவங்க, பிபி, ஹெர்னியா இருக்கறவங்க கபாலபாதி பக்கம் போகாதீங்க, உங்களுக்கு இல்ல, இத படிக்கற மத்தவங்களுக்கு சொல்றேன்.

வீட்டுக்கு பின்னாடி ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவல்லி மூணும் இருக்கு. எது எதுக்கு, எப்படி சாப்புடணும்னு விவரமா சொல்லுங்க டாக்டரம்மா. மாமாவுக்கு ரெண்டு மாசமா இருமல், அவருக்கும் எது குடுக்கலாம்? — பட்டுக்கோட்டை

ரொம்ப நாளா இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன், ஆனா கடைசி வரில மாமாவ கொண்டு வந்து நிறுத்திட்டீங்க. முதல்ல அவர். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளிய எடுத்து டிபி டெஸ்ட், அரசு ஆஸ்பத்திரில இலவசம், நாளைக்கே கூட்டிட்டு போங்க. ரெண்டு மாசம்ங்கறது ரொம்ப அதிகம். அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் எந்த இலையும் வேண்டாம், இருமல் அடங்கின மாதிரி தெரிஞ்சா அவர் டெஸ்டுக்கே போக மாட்டார்.

இப்ப செடிக்கு வரேன். ஆடாதோடை, ஆடு தொடாதது, அதான் பேரே. கசப்பு அப்படி. வேலிக்கு வச்சா எந்த ஆடும் வாய் வைக்காது. பாடாத நாவும் பாடும்னு சொல்ற பழமொழி இதுக்குத்தான், தொண்டைல கட்டின சளி கரைஞ்சு குரல் தெளியும். இதுல இருக்கற வாசிசின்ங்கற சரக்க வச்சுத்தான் ப்ரோம்ஹெக்சின்னு ஒரு சளி மருந்து பண்ணாங்க, அந்த ப்ரோம்ஹெக்சின் உடம்புக்குள்ள போனா ஆம்ப்ராக்சால் ஆகும். உங்க வீட்டு இருமல் சிரப் பாட்டில திருப்பிப் பாருங்க, ரெண்டுல ஒண்ணு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம்ம வேலிச் செடி ஐரோப்பா வரைக்கும் போயி இங்கிலீஷ் மருந்தா திரும்பி வந்திருக்கு, எனக்கு இத நெனைச்சா எப்பவும் ஒரு சின்ன பெருமை. முத்தின இலை ரெண்டு, நடு நரம்ப எடுத்துட்டு ஒரு டம்ளர் தண்ணில போட்டு அரை டம்ளரா சுண்டக் காய்ச்சி, ஆறினதும் கொஞ்சம் தேன் விட்டு, மூணு நாளோ அஞ்சு நாளோ, அதுக்கு மேல வேண்டாம். கர்ப்பமா இருக்கறவங்க தொடவே கூடாது, கர்ப்பப்பைய சுருங்க வைக்கும்.

தூதுவளை மருந்துன்னு நெனைக்காம சாப்பாடா நெனைங்க. முள்ள ஆஞ்சு எடுக்கறதுதான் பெரிய வேலை, இலைக்கு பின்னாடி நரம்புல கூட முள்ளு இருக்கும், பொறுமையா எடுக்கணும். நெய்ல வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகு, புளி வச்சு தொவையல், இல்லன்னா மிளகு ரசத்துல கசக்கிப் போடலாம். சூடா ரசம் குடிச்சா மூக்கு ஒழுகி வெளிய வந்துடும், அதுல மிளகுக்கு பாதி பங்கு, சூட்டுக்கு பாதி பங்கு. கற்பூரவல்லி ரெண்டு இலைய வாட்டி சாறு எடுத்து பெரிய புள்ளைங்களுக்கு தேனோட குடுக்கலாம். கற்பூரவல்லி பஜ்ஜி சளிக்கு நல்லதுன்னு எங்க வீட்டுலயே ஒருத்தர் எட்டு பஜ்ஜி சாப்பிடுவார், அது பஜ்ஜிக்கு நல்லது, அவ்வளவுதான்.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடுறேன். அதிமதுரத்த வாயில அடக்கிட்டே இருக்கறவங்க ஜாக்கிரதை, அது தொண்டைக்கு இதம்தான், ஆனா நாள்பட சாப்பிட்டா பிபிய ஏத்தும், பொட்டாசியத்த எறக்கும். விரலி மஞ்சள விளக்குல சுட்டு புகைய உறிஞ்சறதும் வேண்டாம். புகைன்னா புகைதான், மஞ்சளா இருந்தா என்ன.

வீட்டுக்குள்ள ஸ்னேக் பிளான்ட், மணி பிளான்ட் வச்சா காத்து சுத்தமாகுமா? — ஓசூர்

அழகா இருக்கும். 1989ல நாசா பண்ணின ஆராய்ச்சி மூடின சின்ன கண்ணாடிப் பெட்டிக்குள்ள பண்ணது. 2019ல வேற ரெண்டு பேரு கணக்கு போட்டுப் பாத்தப்போ, ஜன்னல் திறந்தா வர்ற காத்து அளவுக்கு வேணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10லேர்ந்து 1000 தொட்டி வரைக்கும் வைக்கணும்னு வந்துச்சு. ஜன்னல தெறங்க.

எனக்கு சைனஸ். ஜலநேதி, அதான் ஒரு மூக்குல உப்புத்தண்ணி ஊத்தி இன்னொரு மூக்கு வழியா விடுறது, பண்ணலாமா, கேரளாவுல மூக்கு வழியா அமீபா போயி செத்துட்டாங்கன்னு நியூஸ்ல வருதே, பயமா இருக்கு. — பொள்ளாச்சி

பயப்படறது நியாயம்தான், ஆனா பயம் தண்ணி மேல இருக்கணும், நேதி மேல இல்ல. மூளைய தின்னற அமீபா குழாய்த் தண்ணில, குளத்துல இருக்கலாம். வாயில குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்குல ஏறினாத்தான் வினை. அதனால தளதளன்னு கொதிக்க வச்சு, ரெண்டு மூணு நிமிஷம் விட்டு, மூடி ஆற வச்ச தண்ணி மட்டும். அரை லிட்டருக்கு அயோடின் சேக்காத உப்பு தலை தட்டி ஒரு டீஸ்பூன். கேன் தண்ணி கொதிக்க வைக்காம கூடாது, ஃபில்டர் தண்ணியும் கூடாது. குனிஞ்சு தலைய ஒரு பக்கமா சாச்சு, வாய தெறந்து மூச்சு விட்டுக்கிட்டே ஊத்துங்க. முடிச்சதும் ரெண்டு மூக்கையும் ஒண்ணா அழுத்தி சிந்தாதீங்க, காதுக்கு போயிடும். சொம்ப கழுவி காய வைங்க. காது வலியோ, மூக்குல ரத்தமோ இருக்கற நாள்ல வேண்டாம்.

பொண்ணுக்கு 23 வயசு, சின்னதுலேர்ந்து வீசிங். மாப்பிள்ளை பாக்குறோம். இன்ஹேலர் எடுக்கறது தெரிஞ்சா சம்பந்தம் நின்னு போகும்னு இயற்கை முறைல நிரந்தரமா சரி பண்ணலாம்னு இன்ஹேலர நான்தான் எடுத்து பீரோல வச்சு பூட்டிட்டேன். ராத்திரி மூணு மணிக்கு ஒக்காந்து இருமுறா. மனசு கேக்கல. என்ன இயற்கை வைத்தியம் பண்ணலாம்? — சேலம்

அம்மா, இத படிச்சதும் பீரோவ தெறந்து எடுத்து குடுத்துடுங்க. மீதிய அப்புறம் படிங்க.

இன்ஹேலர்னா கடைசி கட்டம், அது அடிமையாக்கிடும்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு. நிஜ கணக்கு சொல்றேன். மூச்சிரைப்புக்கு குடுக்கற சால்பியூட்டமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலர்ல ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரைக்கு 40 அழுத்து. மாத்திரை வயித்துல போயி ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்தும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலர் போக வேண்டிய எடத்துக்கு நேரா போகுது. இதுல எது இயற்கைக்கு கிட்டன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா ஒண்ணு கவனிங்க, உங்க பொண்ணுகிட்ட நீலக் கலர் இன்ஹேலர் மட்டும் இருந்தா அது பத்தாது, அது சுருங்கின குழாய அந்த நேரத்துக்கு விரிக்கும், உள்ள இருக்கற வீக்கத்த குறைக்காது. 2019லேர்ந்து உலக அளவுல ஆஸ்துமா வழிகாட்டுதல்லயே பெரியவங்களுக்கு அது மட்டும் தனியா போதாதுன்னு சொல்லிட்டாங்க, வீக்கத்த குறைக்கிற மருந்தும் சேந்து இருக்கணும். ராத்திரி எழுந்து இருமறான்னா வீக்கம் அடங்கலன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட போயி மருந்த சரி பண்ணிக்கங்க, ஸ்பேசர்னு ஒரு குடுவை வரும், அத வச்சு அடிச்சா மருந்து தொண்டைல அதிகம் ஒட்டாது, முடிச்சதும் வாய் கொப்புளிச்சு துப்பணும்.

எனக்கும் சின்ன வயசுல வீசிங்தான். எங்க அம்மா யாரோ சொன்னாங்கன்னு பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட லேபிள் இல்லாத பொட்டலத்துல பவுடர் வாங்கி குடுத்தாங்க. ரெண்டே நாள்ல மூச்சு ஜம்முனு ஆச்சு, ஊரே கொண்டாடுச்சு, மூணு மாசத்துல என் முகம் பூசணிக்கா மாதிரி ஊதிப் போச்சு. உள்ள ஸ்டீராய்டு கலந்திருந்திருக்கணும், அது எனக்கு காலேஜ் வந்தப்புறம்தான் புரிஞ்சுது. "நிரந்தரமா சரியாக்கறேன், பொட்டலத்துல என்ன இருக்குன்னு கேக்காத"ன்னு எவனாவது சொன்னா அவன் சித்த வைத்தியன் இல்லம்மா, நாங்க சரக்கு பேரு சொல்லித்தான் குடுப்போம்.

நீங்க கேட்ட இயற்கை முறைக்கு வரேன். அவ படுக்கற ரூம்ல கொசுவத்தி ஏத்துறீங்களா? ஒரு கொசுவத்தி எரிஞ்சு முடியறதுக்குள்ள விடுற நுண் தூசி 75லேர்ந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு 2003ல அளந்திருக்காங்க. கொசுவலை கட்டுங்க, அதைவிட பெரிய இயற்கை வைத்தியம் எங்கிட்ட இல்ல. தலகாணி உறை, பெட்ஷீட்ட வாரம் ஒரு தடவ சுடுதண்ணில துவைங்க. பழைய இலவம்பஞ்சு தலகாணின்னா மாத்துங்க. சாமி ரூம் ஊதுபத்திய குறைச்சு விளக்கு மட்டும் ஏத்துங்க. தயிர், வாழப்பழம் எல்லாம் அவளுக்கு ஒத்துக்கலன்னு அவளே கண்டுபிடிச்சிருந்தா தவிர நிறுத்தாதீங்க. மேல ஈரோட்டு தம்பிக்கு சொன்ன 4க்கு 6 மூச்சு அவளும் பண்ணலாம், மருந்தோட சேத்து, மருந்துக்கு பதிலா இல்ல.

மாப்பிள்ளை வீட்டுக்கு சொல்லணும். கல்யாணத்தன்னைக்கு ஹோமப் புகைல மூச்சு முட்டி அப்ப தெரியறதுக்கு இப்ப தெரியட்டும். நாளைக்கு மாசமானாலும் இன்ஹேலர நிறுத்தக்கூடாது, அடங்காத ஆஸ்துமாதான் வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆபத்து. இன்ஹேலர பாத்து ஓடுற வீடு ஓடட்டும்மா, நஷ்டம் அவங்களுக்கு.

ஹைதராபாத்ல மீன்ல மருந்து வச்சு முழுங்க வைக்கிறாங்களே, போகலாமா? — ஆம்பூர்

1845லேர்ந்து ஒரு குடும்பம் குடுத்துட்டு வருது, ஜூன் மாசம் மிருகசீரிஷ கார்த்தி அன்னைக்கு, உயிரோட இருக்கற சின்ன விரால் மீன் வாயில மருந்த வச்சு. நம்பிக்கையோட போறவங்கள நான் கிண்டல் பண்ணல. ஆனா அந்த கூட்டத்துல, அந்த வெயில்ல மூச்சிரைப்புக்காரர நிக்க வைக்கறது எனக்கு சரியா படல. வீட்டுல விரால் குழம்பு வைங்க.

வயசு 71. அரசு வேலைல இருந்து ரிட்டயர்டு. சிகரெட்ட விட்டு 15 வருஷம் ஆச்சு. ஒரு வருஷமா ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது, வறட்டு இருமல் இருக்கு. எக்கோ எடுத்துட்டேன், இதயம் நல்லா இருக்காம். நடக்கிறேன், பால்கனில ஒக்காந்து பேப்பர் படிப்பேன், புறாவுக்கு தானியம் போடுவேன், அதுதான் பொழுதுபோக்கு. நான் புதுசா எதையும் முழுங்க விரும்பல டாக்டர். எதையாவது நிறுத்தணுமா, அத மட்டும் சொல்லுங்க. — தாம்பரம்

ஐயா, இந்த மாதிரி ஒரு கேள்வி வந்ததுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. நீங்க இருக்கற ஊரும் பொருத்தமான ஊர். டாக்டர் சௌரி முத்து 1928ல அங்க காசநோய்க்கு சானடோரியம் ஆரம்பிச்சப்போ அவர் நம்பினது திறந்தவெளிக் காத்து, வெளிச்சம், சாப்பாடு, ஓய்வு. டிபி மாத்திரையே இல்லாத காலம். ஸ்டேஷன் பேரே சானடோரியம்னு ஆயிடுச்சு. நான் படிக்கும்போது அந்த ஸ்டேஷன்ல எறங்கற ஒவ்வொரு தடவையும் அவர நெனைச்சுக்குவேன்.

நிறுத்த வேண்டியது புறா. கோவிச்சுக்காதீங்க. புறா எச்சம் காஞ்சு தூளாகும், எறகுலேர்ந்து மாவு மாதிரி ஒரு தூசி உதிரும், அத தினமும் மூச்சுல இழுக்கறப்போ சில பேரோட நுரையீரலுக்கு அது ஒத்துக்காம உள்ளுக்குள்ள வீக்கம் வரும். ஆரம்பத்துல வறட்டு இருமல், மாடி ஏறினா மூச்சு வாங்கறது, அவ்வளவுதான் தெரியும், வயசுன்னு நெனைச்சு விட்டுடுவோம். வருஷக்கணக்குல விட்டா நுரையீரல் தழும்பாகி விறைச்சுப் போயிடும், அப்புறம் திரும்பாது. மும்பைல 2025ல புறாவுக்கு தீனி போடுற எடங்கள மூடுறது கோர்ட் வரைக்கும் போச்சே, இதுக்காகத்தான். உங்களுக்கு இதுதான்னு லெட்டர படிச்சு நான் முடிவு பண்ண முடியாது, பழைய சிகரெட்டோட கணக்கும் இருக்கு. நுரையீரல் டாக்டர பாருங்க, புறா பத்தி அவர் கேக்கலன்னாலும் நீங்களா சொல்லுங்க, பெரும்பாலும் ஊதுற டெஸ்டும் நெஞ்சு சிடி ஸ்கேனும் எழுதுவார்.

அதுவரைக்கும் மாடி ஏறும்போது ரெண்டு படிக்கு மூக்கு வழியா இழுத்து, நாலு படிக்கு உதட்ட குவிச்சு சூடான காப்பிய ஊதுற மாதிரி விட்டுக்கிட்டே ஏறுங்க. மூச்ச அடக்கிட்டு ஏறாதீங்க, நிறைய பேரு அப்படித்தான் ஏறுறாங்க. பால்கனி எச்சத்த காஞ்சபடி பெருக்கக்கூடாது, தண்ணி தெளிச்சு ஊற வச்சு, வேற யாரையாவது மாஸ்க் போட்டுக்கிட்டு வழிக்கச் சொல்லுங்க, நீங்க அந்த நேரம் உள்ள இருங்க. அப்புறம் வலை அடிச்சிடுங்க.

தானியம் போடாம கை சும்மா இருக்காதுன்னா வாசல்ல பச்சரிசி மாவுல கோலம் போடச் சொல்லுங்க, எறும்பு சாப்பிடும். புறா ஒரு வாரம் வந்து வலைக்கு வெளிய நின்னு எட்டிப் பாக்கும், அப்புறம் பக்கத்து பிளாக் பால்கனிக்கு போயிடும். அந்த பிளாக்குலேர்ந்து எனக்கு அடுத்த மாசம் லெட்டர் வரும்.